வாடகை வீட்டில் ஒரு சுரங்கம்

ஆர்ச்வே நிலக்கீழ் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஹைகேற் குன்றில் ஏறத் தொடங்குபவர்கள், இரும்புக் கம்பி வேலிக்குள் ஒரு கல்லையும் அதன்மீது அமர்ந்திருக்கும் பூனை ஒன்றையும் காண்பர். கல் நாட்டப்பட்டது 1821இல். பூனை வந்து சேர்ந்தது 1964இல். விற்றிங்டன் மருத்துவமனைக்குப் போய் வரும் எம்மவர் பலர் அந்தப் பூனையைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பர். இலண்டன் வீதிகள் பொன்னால் பாவப்பட்டவை என்று நம்பி வந்த ஏழைச் சிறுவன் டிக் விற்றிங்டன், பொன்னைக் காணாது மனம் வெறுத்துத் திரும்பிப் போகும்போது, இவ்விடத்தில் நின்றுதான் தேவாலய மணியோசையைக் கேட்டு மீண்டும் நகருக்குத் திரும்பினானாம். பின்னர் நகரபிதாவும் ஆனானாம்.

வரலாறு கற்பித்த பழக்கதோஷத்தால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1423இல் காலமான உண்மையான றிச்சர்ட் விற்றிங்டன் ஏழையே அல்லர். குளோஸ்டர்சயரில் நிலபுலமுள்ள குடும்பத்தில் பிறந்து, அரசவைக்குப் பட்டும் வெல்வெற்றும் விற்று, மன்னர்களுக்கே கடன் கொடுத்த வணிகர் அவர். வீதியில் பொன் பொறுக்கியவர்களின் பெயரை எந்தக் கல்லிலும் நாம் காணவில்லை.

இந்தக் கதை எமக்கு நினைவுக்கு வந்தது 2022ஆம் ஆண்டு யூலை முற்பகுதியில். வடமராட்சியில் எமது அயலில் வளர்ந்து, இப்போது ஜங்ஷன் வீதிப் பக்கமாக மாநகரசபைக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தாய் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், ஒருக்கா வீட்டுப் பக்கம் வந்திட்டுப் போங்கோ. தம்பி அறைக்குள்ள காசு அடிக்கிற மெஷின் பூட்டியிருக்கிறான். மீற்றருக்குக் காசு போட்டுக் கட்டுப்படியாகேல்லை" என்றார். காசு அடிக்கிற மெஷின் என்றதும் நாம் சற்றுப் பயந்துதான் போனோம். பொலிஸ் வரக்கூடிய விடயமோ என்று கேட்டோம். "அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றார் அந்தத் தாய்.

போய்ப் பார்த்தோம். ஒற்றைக் கட்டில் மட்டுமே கொள்ளும் சிறிய அறை. அலுமினியச் சட்டங்களைத் திருகாணியால் பூட்டி, கதவில்லாத அலுமாரியின் எலும்புக்கூடு போன்ற ஒன்றைச் செய்து வைத்திருந்தான். மேல்தட்டில் ஆறு கிராபிக்ஸ் அட்டைகள் வரிசையாகத் தொங்கின. கீழே ஒரு மதர்போட்டும் இரண்டு பவர் சப்ளைகளும். ஆறு அட்டைகளும் மதர்போட்டில் நேரே பொருந்த இடமில்லாமையால், ரைசர் எனப்படும் வடங்களால் தொடுக்கப்பட்டிருந்தன. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியிலேயே கண்காணித்தான். விசிறிகளின் இரைச்சல், மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் வகுப்பெடுத்த நாட்களை எமக்கு நினைவூட்டியது. இரவு வேலை முடித்துவந்து பகலில் உறங்க வேண்டிய தந்தையார் அடுத்த அறையில் காதுக்குப் பஞ்சு வைத்துப் படுத்திருந்தார்.

இது என்ன என்று அறியாத வாசகர்களுக்காக, எமக்கு விளங்கிய மட்டில் சொல்கிறோம். எமது சீட்டை நினைத்துப் பாருங்கள். சீட்டுக்கு ஒரு தாச்சி உண்டு. யார் கட்டினார், யார் எடுத்தார், கழிவு எவ்வளவு என்பதெல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். தாச்சி ஓடினால் சீட்டும் ஓடிற்று. 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்கொயின் என்பது தாச்சி இல்லாத கொப்பி. அதன் பிரதிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளன. அப்படியானால் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? அதற்கு ஒரு குலுக்கல் நடக்கிறது. கணினிகள் ஓர் எண்ணை ஊகித்து ஊகித்துப் பார்க்கின்றன. சரியான எண் முதலில் அகப்பட்டவர் பக்கத்தை எழுதுகிறார். எழுதியதற்குக் கூலியாகப் புதிய நாணயங்கள் பெறுகிறார். இதைத்தான் இளைஞர்கள் மைனிங் என்கிறார்கள். சுரங்கமும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. மின்சாரத்தைக் கொடுத்துச் சீட்டிழுப்பு ரிக்கெற் வாங்குவதே வேலை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நெல் வயலில் இரண்டு பேர் கூடுதலாக இறங்கினால் வேலை விரைவாக முடியும். இங்கே ஆள் கூடக் கூடப் புதிரும் கடினமாகிறது. பிட்கொயினில் ஏறக்குறைய இரு வாரங்களுக்கு ஒருமுறை அந்தக் கடினம் தானாகவே திருத்தப்பட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்ற அளவிலேயே நிற்கிறது. ஆகவே அயலவன் இன்னோர் இயந்திரம் பூட்டினால் உங்கள் பங்கு குறையும். பிட்கொயினுக்கென்றே செய்த தனி இயந்திரங்கள் 2013 முதல் சந்தைக்கு வந்தபின் கிராபிக்ஸ் அட்டைக்கு அந்த வயலில் இடமில்லாமற் போயிற்று. 2015 யூலையில் தொடங்கிய எதீரியம் என்ற நாணயமே அட்டைக்காரர்களுக்கு வாழ்வளித்தது. இந்தப் பிள்ளை இழுத்துக்கொண்டிருந்ததும் எதீரியம்தான். தனியே இழுத்தால் ஆயுளுக்கும் விழாது என்பதால், பலர் கூடிக் கிடைத்ததைப் பங்கிடும் குழு ஒன்றில் சேர்ந்திருந்தான்.

பிள்ளை கெட்டிக்காரன் என்பதில் ஐயமில்லை. ஒவ்வோர் அட்டையும் 200 வாற்று வரை இழுக்கக்கூடியது. அவன் அதன் மின்னழுத்தத்தைக் குறைத்து, நினைவகத்தின் வேகத்தை மட்டும் கூட்டி, 130 வாற்றுக்குள் அடக்கியிருந்தான். ஊகத்தின் வேகம் குறையவில்லை. 2021இல் என்விடியா நிறுவனம், விளையாட்டுக்காரருக்கு அட்டை கிடைக்க வேண்டுமென்று, அகழ்வு வேகத்தைப் பாதியாக்கும் பூட்டுடன் அட்டைகளை விற்கத் தொடங்கியிருந்தது. ஆகவே பூட்டில்லாத பழைய அட்டைகளைத் தேடிப் பிடித்திருக்கிறான். 369 பவுணுக்கு வெளிவந்த அட்டைக்கு 650 பவுண் கொடுத்திருக்கிறான். ஆறு அட்டைக்கு 3,900, ஏனையவற்றுக்கு 800.

அந்த 4,700 பவுண் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது வீடு அமைதியாகிவிட்டது. மாதம் 300 பவுண், இருபது பேர், இருபது மாதம் என்று 2021 செப்ரெம்பரில் தொடங்கிய சீட்டு. பெண் பிள்ளையின் காரியம் ஒன்றுக்கென்று தாய் கட்டி வந்தது. மகன் கேட்டானென்று மூன்றாம் மாதமே 1,300 பவுண் கழிவு விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டார். "எட்டு மாதத்தில போட்ட காசு வந்திடும் எண்டவன், மாஸ்டர்."

எட்டு மாதம் என்ற கணக்கும் பொய்யில்லை. எதீரியம் ஒன்று 2021 நவம்பரில் ஏறக்குறைய 4,800 அமெரிக்க டொலர் விற்றது. அன்றைய விலையும் அன்றைய கடினமும் அப்படியே நின்றிருந்தால் ஏறத்தாழ அப்படித்தான் வந்திருக்கும். கணக்கில் மின்சாரம் மட்டும் இருக்கவில்லை.

மின்சாரத்தின் கணக்கு வேறோர் இடத்தில் இருந்தது. அந்த வீட்டில் முற்பணம் கட்டும் மானி. சாவியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் ஏற்றி வருவது தாயின் வேலை. ஏற்றும் ஒவ்வொரு தொகையையும் அடுக்களைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் நாளுக்கு நேரே குறித்து வைத்திருந்தார். முந்திய ஆண்டு நாட்காட்டியையும் எறியவில்லை. எமக்கு வேண்டியது அவ்வளவுதான். மகனின் தொலைபேசியையும் தாயின் நாட்காட்டிகளையும் உணவு மேசையில் அருகருகே வைத்துப் பழைய வாத்தியார் வேலையைத் தொடங்கினோம்.

ஆறு அட்டைக்கு 780 வாற்று. ஏனைய பாகங்களும் பவர் சப்ளையின் இழப்பும் சேர 900 வாற்று. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 21.6 அலகு. 2021 டிசெம்பரில் ஓர் அலகு 21 பென்ஸ். நாளுக்கு நாலரைப் பவுண். 2022 ஏப்ரலில் 28 பென்சாகியது. நாளுக்கு ஆறு பவுண். நாட்காட்டியில் முந்திய ஆண்டின் வழக்கமான செலவைக் கழித்துப் பார்த்தபோது, கூடுதலாக ஏற்றியது 1,150 பவுணுக்கு மேல் என்று வந்தது. எமது பெருக்கலும் அதையே சொன்னது. தொலைபேசியிலோ ஓர் எதீரியத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. விலை ஏறுமென்று காத்திருந்து அவன் எதையும் விற்கவில்லை. அன்றைய விலையில் அது ஆயிரம் பவுண் தேறவில்லை.

"சேர், அது கூடினால்..." என்று தொடங்கினான். தாய் ஒன்றும் பேசாமல் நாட்காட்டியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினார்.

இவ்விடத்தில் எமது மனம் வேறெங்கோ போயிற்று. 1990இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இருக்கவில்லை. இதை வாசிக்கும் பெற்றோரில் பலர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலியில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது சுற்றுபவன் களைத்துவிடுவான். குரல் தேய்ந்து போகும். எல்லாரும் அவனை ஏசுவோம். அந்த டைனமோ தருவது 3 வாற்று. இந்தச் சிறிய அறையிலுள்ள சட்டகம் தின்பது, அப்படியான 300 சைக்கிள்களை இரவும் பகலும் சுற்றினால் வரும் மின்சாரம். தாயிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "அப்ப சுத்தினது நான்தான் மாஸ்டர். அண்ணாமார் கேட்டுக்கொண்டிருப்பினம்" என்றார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அந்த அறை வீட்டிலேயே வெப்பமான இடமாக இருந்ததாம். உட்செல்லும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. 900 வாற்று என்பது ஒரு சிறிய மின் கணப்பு. அவ்வாண்டு தைமாதம் சேலைகளும் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் உலர்ந்தன. யூலை 19ஆம் திகதி இந்நாட்டில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியபோது, தாயே போய் ஆளியை அணைத்துவிட்டார். மகன் மறுத்துப் பேசவில்லை என்று கேள்வி.

வெப்பத்தைவிட எம்மை அச்சுறுத்தியது இணைப்புகள். ரைசர் ஒன்று 75 வாற்று வரை இழுக்கக்கூடும். அதற்கு மின்சாரம் கொடுக்க, வன்தட்டுக்கென்று உள்ள சாற்றா இணைப்பைச் சிலர் பொருத்துகிறார்கள். அது தாங்குவது 54 வாற்றுதான். பிளாஸ்ரிக் உருகிப் புகைந்த கதைகள் நிறையவுண்டு. உருளையில் சுற்றியபடியே இருக்கும் நீட்டிப்பு வடத்தில் இப்படியான சுமையை ஏற்றினால் வடமே சூடாகும். முழுவதும் விரித்தே பயன்படுத்த வேண்டும். இந்தப் பிள்ளை அவற்றைச் சரியாகவே செய்திருந்தான். ஆயினும் எல்லோரும் உறங்கும்போதும் ஓடும் பொருள் இது. வீட்டு உரிமையாளருக்கும் காப்புறுதிக்கும் தெரியாமல் ஓடுவது.

கட்டணம் கூடியபின் நண்பன் ஒருவன் அவனுக்கு யோசனை சொன்னானாம்: மின்சாரம் வாடகைக்குள் அடங்கிய அறையொன்றை எடுத்து, இயந்திரத்தை அங்கே வை. அந்த அறையின் உரிமையாளரும் எம்மவர். வீட்டுக் கடனைக் கட்டுவதற்காக அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பவர். தாய் ஒரே வசனத்தில் மறுத்துவிட்டார். "மற்ற ஆக்களின்ர விறகில எங்கட உலையை வைக்கிறதோ?" எமக்கு அன்று பிடித்த வசனம் அதுதான். இந்த யோசனையின் அடுத்த படி எங்கே போய் முடியும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2021 மே மாதம் மேற்கு மிட்லாண்ட்ஸ் பொலிஸார் சான்ட்வெல்லில் தொழிற்பேட்டை ஒன்றைச் சுற்றிவளைத்தனர். வெப்பத்தையும் வயர்களையும் கண்டு கஞ்சாத் தோட்டம் என்று எண்ணிக் கதவை உடைத்தால், உள்ளே நூறளவிலான கணினிகள் பிட்கொயின் இழுத்துக்கொண்டிருந்தன. மின்சாரம் திருடப்பட்டது. 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி அதற்கு ஐந்தாண்டு வரை சிறையுண்டு. வதிவிட விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒருவருக்கு அது சிறையோடு முடிகிற காரியமல்ல.

இனி அந்தக் கதையின் முடிவு. 2022 செப்ரெம்பர் 15ஆம் திகதி எதீரியம் அகழ்வையே கைவிட்டது. குலுக்கலுக்குப் பதிலாக, நாணயத்தைப் பிணையாக வைத்திருப்பவர்களே பக்கம் எழுதும் முறைக்கு மாறியது. அதன் மின்சாரப் பாவனை 99 வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. உலகெங்கும் ஓடிய அட்டைகளில் பல அன்றே எதீரியம் கிளாசிக், றேவன்கொயின் போன்ற சிறு வயல்களில் இறங்கின. அங்கும் கடினம் ஏறிற்று. கூலி மின்சாரத்துக்கும் போதவில்லை. இந்த மாற்றம் வருமென்று ஆண்டுக்கணக்காகச் சொல்லப்பட்டிருந்தது. பலமுறை பிற்போடப்பட்டதால் இம்முறையும் தள்ளிப்போகும் என்று பிள்ளை நம்பியிருந்தான். ஒக்ரோபரில் மின்சாரம் அலகுக்கு 34 பென்சாயிற்று. ஐந்து அட்டைகளைத் தலா 240 பவுண் அளவில் விற்றான். தேங்கிக் கிடந்த நாணயத்தை விற்ற காசு, நாட்காட்டியிலிருந்த மின்சாரச் செலவுக்குச் சரியாயிற்று. சீட்டுக் காசில் மிச்சம் 3,500 பவுண் போனது போனதுதான். அட்டைகள் போன பின்னும் ஏழு மாதம், 2023 ஏப்ரல் வரை, தாய் சீட்டுக் கட்டினார்.

இப்போது அட்டை வாங்கினால் இலாபம் வருமா என்று எம்மிடம் கேட்போர் உண்டு. இணையக் கணிப்பான்களில் நாளுக்கு இத்தனை டொலர் என்று பச்சை நிறத்தில் காட்டுமே என்பார்கள். அவற்றுள் சிலவற்றில் மின்சார விலை அலகுக்கு 10 அமெரிக்கச் சதம் என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இலண்டன் வீட்டு மின்சாரம் அண்மைக்காலத்தில் 25 பென்சுக்குச் சற்று மேலும் கீழுமாக நிற்கிறது. அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அந்த ஓர் எண்ணைத் திருத்திவிட்டுப் பாருங்கள், பச்சை சிவப்பாகும். தனி இயந்திரம் வாங்கினாலும் இதே கதைதான். பிட்கொயினுக்கென்று செய்த அன்ற்மைனர் எஸ் 21 என்பது 3,500 வாற்று இழுப்பது. நாளுக்கு 84 அலகு, 21 பவுண். பக்கம் எழுதும் கூலியும் 2024 ஏப்ரலில் பாதியாகி 3.125 நாணயத்துக்கு வந்துவிட்டது. இத்தொழிலில் நிலைப்பவர்கள் மலிவான மின்சாரம் உள்ள இடத்தவர்கள். பூட்டான் அரசே தனது ஆற்று மின்சாரத்தில் பிட்கொயின் இழுக்கிறது. எமது தாயகத்தை ஆளும் கொழும்பிலும் 2021 ஒக்ரோபரில் அமைச்சரவை இத்தொழில்நுட்பங்களை ஆராயக் குழு அமைக்க இணங்கியது. அடுத்த பங்குனி மாதக் கடைசியில் அங்கே நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு.

இயந்திரமே இல்லாமல் மைனிங் பங்கு விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 யூன் மாதம் எமது வெம்பிளியில், பெரிய அரங்கிலே, வண்கொயின் என்ற நாணயத்துக்காக உருஜா இக்னாற்றோவா என்ற பெண்மணி ஆரவாரத்துடன் மேடையேறினார். பொதி வாங்கினால் நாணயம் அகழ்ந்து தருவதாகச் சொன்னார்கள். அகழ்வும் இல்லை, உண்மையான கொப்பியும் இல்லை. 2017 ஒக்ரோபரில் அவர் மறைந்தார். பின்னர் அமெரிக்காவில் மிகவும் தேடப்படுவோர் பட்டியலில் சேர்ந்தார். அவருடைய கூட்டாளி கார்ல் கிறீன்வூட்டுக்கு 2023இல் இருபதாண்டுச் சிறை. உறவினரைச் சேர்த்துவிட்டால் தரகு என்று யாராவது தேநீருக்கு அழைத்தால், இயந்திரம் எங்கே நிற்கிறது, மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று கேளுங்கள்.

உதவிப்பணம் பெறும் குடும்பங்களுக்கும் இது புறம்பான விடயமல்ல. யுனிவேர்சல் கிரெடிற் கணக்கில் இந்த நாணயங்களும் சேமிப்பே. சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் உதவி குறையும், 16,000ஐத் தாண்டினால் நிற்கும். இழுத்த நாணயம் கிடைத்த அன்றைய பெறுமதியில் வருமானமாகவும், பின்னர் விற்கும்போது வரும் ஏற்றம் மூலதன ஆதாயமாகவும் வரித் திணைக்களத்தால் பார்க்கப்படும். வேலை அனுமதி இல்லாத அகதி விண்ணப்பதாரர் சுயதொழிலும் செய்யலாகாது. இதை அப்படிக் கொள்ள இடமுண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கடந்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வே வீதி முருகன் கோவிலில் அந்தப் பிள்ளையைக் கண்டோம். இப்போது கணினிகள் திருத்தும் வேலையில் இருக்கிறான். விற்காமல் வைத்த ஆறாவது அட்டை அவனுடைய சொந்தக் கணினியில் இருக்கிறது. அலுமினியச் சட்டகத்தில் தாய் கறிவேப்பிலைச் சாடிகளை அடுக்கி யன்னலோரம் வைத்திருக்கிறாராம். பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கையில் மெதுவாகக் கேட்டான்: "சேர், இப்ப செயற்கை நுண்ணறிவு வேலைக்குக் காட்டுகளை வாடகைக்கு விடலாமாம். நாலு காட் போதும். ஒருக்கா கணக்குப் பாத்துத் தருவீங்களோ?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றோம். அம்மாவின் நாட்காட்டியையும் எடுத்து வைக்கச் சொன்னோம்.